வேலை ஆங்கிலத்துக்கு ஆன்கி: கொழும்பில் சில வருஷப் பாவனைக்குப் பிறகு

தொழில்களின் பெயர்கள், அந்தத் தொழில்களில் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்கள், இவற்றை மட்டும் படிப்பதற்காக, கேள்வி-விடை அட்டைகளை இடைவெளி விட்டு மீட்டவைக்கும் ஆன்கி என்ற செயலியைச் சில வருஷங்களாகப் பாவித்து வருகிறேன். தமிழ் மூலம் உயர்தரம் வரை படித்தவள். புறக்கோட்டையில், இறக்குமதிப் பொருட்களைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை. ஆங்கிலக் கடிதம் வந்தால் வாசித்து விளங்கிக்கொள்வேன், ஆனால் "நீங்கள் இங்கே என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டால் முன்பெல்லாம் சொல் வராது. இதே நிலையில் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயலி நல்லது, காசும் இல்லை, தொடர்ந்து பாவிக்கலாம். ஆனால் அதற்குள் என்ன போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'டொக்டர், டீச்சர், ஃபார்மர், பைலட்' என்று படத்துடன் வரும் ஆயத்த அட்டைக் கட்டுகளால் வேலை தேடும் ஒருவருக்கு அநேகமாக ஒரு பயனும் இல்லை. அந்தச் சொற்கள் நமக்கு ஏற்கெனவே தெரியும். தமிழில் கதைக்கும்போதே அவற்றைத்தானே சொல்கிறோம். தெரியாதது அந்த ஆள் என்ன செய்கிறார் என்று சொல்லும் வினைச்சொல்.

ஒரு தாதியை எடுத்துக்கொள்ளுங்கள். 'நர்ஸ்' என்ற சொல் பிள்ளைகளுக்கும் தெரியும். புண்ணுக்கு மருந்து கட்டுவதற்கு ஆங்கிலத்தில் 'டிரெஸ் எ வூண்ட்' என்பதும், நோயாளிக்கு மருந்து கொடுப்பதை அறிக்கையில் எழுதும்போது 'அட்மினிஸ்டர்' என்பதும், அடுத்த முறைமாற்றத்தில் வருபவரிடம் பொறுப்புக் கொடுப்பதை 'ஹேண்ட் ஓவர்' என்பதும் எத்தனை பேருக்குச் சட்டென்று வரும்? கணக்காளர் கணக்குகளை 'பிரிப்பெயர்' பண்ணுவார், ஒடிட்டர் அதையே 'ஒடிட்' பண்ணுவார், காசாளர் நாள் முடிவில் காசை 'பலன்ஸ்' பண்ணுவார், வங்கிக் கூற்றையும் நம் பதிவையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது 'ரிகொன்சைல்'. நேர்முகப் பரீட்சையில் கேட்கப்படுவது இந்த வினைகள்தான். பதவிப் பெயர் விண்ணப்பத்திலேயே இருக்கிறது, அதை அவர்கள் வாசித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

அதனால் என் அட்டைகள் எல்லாம் கீறிட்ட இடம் நிரப்பும் வகை. ஆன்கியில் இதற்கென்றே 'குளோஸ்' என்றொரு அட்டை வகை உண்டு. ஒரு முழு ஆங்கில வாக்கியத்தை எழுதி, அதில் ஒரு சொல்லை மட்டும் மறைத்துவிட்டால், அட்டை வரும்போது அந்த இடத்தில் வெற்றிடம் தெரியும். நாம் சொல்லிப் பார்த்த பிறகு விடையைத் திறக்கலாம். தனிச்சொல்லுக்குத் தமிழ்க் கருத்து எழுதிய அட்டைகளை விட இவை எனக்கு எவ்வளவோ மேலாகப் பயன்பட்டன. காரணம், மறைக்கும் சொல் வினையாக மட்டும் இருக்கவேண்டியதில்லை; சின்னச் சொற்களையும் மறைக்கலாம். 'வேர்க் அஸ் எ கிளார்க்', 'வேர்க் ஃபோர் எ ஷிப்பிங் கொம்பனி', 'வேர்க் இன் த அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்' ஆகிய மூன்றிலும் நடுச்சொல் வேறு வேறு. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவதால், ஆங்கிலத்தில் தனியாக நிற்கும் இந்தத் துணுக்குகளை நாம் விட்டுவிடுகிறோம் அல்லது மாற்றிப் போடுகிறோம். 'ரிப்போர்ட் டு', 'ரெஸ்பொன்சிபிள் ஃபோர்', 'இன் சார்ஜ் ஒஃப்', 'டீல் வித்' என்பவையும் இப்படியே. பதவிப் பெயருக்கு முன்னால் வரவேண்டிய 'எ', 'அன்' இரண்டையும் மறைத்து ஒரு தொகுதி அட்டை செய்தேன். கூச்சமில்லாமல் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் அவை தானாக வந்துவிடும்.

செயலியின் உள்வேலையைப் பற்றிச் சிறிது. மனிதர் படித்ததை எந்த வேகத்தில் மறக்கிறார் என்பதை ஜேர்மனியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் நூலாக வெளியிட்டார். மறக்கப்போகும் தறுவாயில் ஒன்றைத் திரும்பப் பார்த்தால் அது இன்னும் நீண்ட காலம் நிற்கும் என்பதே இடைவெளி விட்டு மீட்டும் முறையின் அடிப்படை. போலந்தின் பியோத்தர் வோஸ்னியாக் 1987இல் இதைக் கணினிக் கணக்கீடாக ஆக்கினார். டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட ஆன்கி நீண்ட காலம் அந்தக் கணக்கீட்டின் வழியில்தான் ஓடியது. 2023இன் பிற்பகுதியிலிருந்து எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய கணக்கீட்டையும் தெரிவு செய்யலாம். நம் சொந்த விடைகளின் வரலாற்றைப் பார்த்து நமக்கேற்றபடி நாட்களைத் தீர்மானிக்கும் முறை அது. நான் இப்போது அதைத்தான் பாவிக்கிறேன், மீட்ட வேண்டிய அட்டைகளின் சுமை குறைந்ததை உணர்கிறேன். நன்றாகத் தெரிந்த சொல் மாதங்கள் கழித்து ஒரு தடவை எட்டிப் பார்க்கும். தெரியாதது நாளைக்கே திரும்பி வரும்.

இனி, கொழும்பில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் கிடைக்கும் தொழிற்சொல் பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவையோ இங்கிலாந்தையோ மனதில் வைத்துச் செய்தவை. நம் ஊர் வேலைச் சந்தைக்கு அவை பல இடங்களில் பொருந்துவதில்லை. 'மெர்ச்சண்டைசர்' என்று பார்த்தால், கடைத் தட்டுகளில் பொருட்களை அடுக்கிக் காட்சிப்படுத்துபவர் என்று இருக்கும். இங்கே ஆடைத் தொழிற்துறை விளம்பரத்தில் அந்தச் சொல் வந்தால், வெளிநாட்டு வாங்குநருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று, துணி, நூல், மாதிரி, விலை, அனுப்பும் திகதி எல்லாவற்றையும் பின்தொடர்பவர் என்று பொருள். 'நோட்டரி' அமெரிக்காவில் கையொப்பத்தை உறுதிப்படுத்துபவர். நம் நொத்தாரிசோ காணி உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர். இங்கிலாந்துப் பட்டியலில் 'சொலிசிட்டர்', 'பாரிஸ்டர்' என்று இரண்டு இருக்கும். இலங்கையிலும் முன்பு புரொக்டர், அட்வகேட் என்று இரு பிரிவினர் இருந்தார்கள். 1973ஆம் ஆண்டின் சட்டத்தால் இரண்டையும் ஒன்றாக்கி, 1974இலிருந்து 'அட்டோர்னி அட் லோ' என்ற ஒரே பெயரில் சட்டத்தரணி ஆகிவிட்டார்கள். கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் 'குவான்டிட்டி சர்வேயர்' இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த தொழில், மத்திய கிழக்குக்குப் போவதற்கும் பெயர்போனது. அமெரிக்கப் பட்டியல்களில் தேடினால் 'கொஸ்ட் எஸ்டிமேட்டர்' என்ற பெயரில் அதன் ஒரு பகுதிதான் அகப்படும். என் வேலையிடத்தில் 'பைலட்' என்றால் விமானம் ஓட்டுபவர் அல்ல, கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்துபவர். துறைமுகத்தில் பொருட்களை விடுவிக்கும் அலுவல்களைப் பார்க்கும் 'வார்ஃப் கிளார்க்', ஏற்றி இறக்கும் பொருட்களை எண்ணிப் பதியும் 'டாலி கிளார்க்' இரண்டும் எந்த ஆயத்தக் கட்டிலும் எனக்கு அகப்படவில்லை. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் உழைப்பு இல்லாமல் அங்கே ஒரு மூட்டையும் அசையாது, அவர்களுடைய தொழிலுக்கும் எந்தக் கட்டிலும் இடமில்லை. இவற்றுக்கெல்லாம் நானே அட்டை செய்தேன்.

அப்படியென்றால் சொற்களை எங்கிருந்து எடுப்பது? எனக்குக் கிடைத்தவற்றில் மிகச் சிறந்த ஊற்று நம் அரசாங்க வர்த்தமானி. வெள்ளிக்கிழமைகளில் வரும் வர்த்தமானியில் பதவி வெற்றிட அறிவித்தல்கள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே அறிவித்தல் பந்திக்குப் பந்தி பொருந்தி நிற்கும். வயதெல்லை, சம்பள அளவுத்திட்டம், ஆட்சேர்ப்பு முறை, தகுதிகாண் காலம், வினைத்திறன்காண் தடைதாண்டல் என்று நாம் வாசித்தே களைத்துப்போன சொற்களுக்கு ஆங்கிலத்தில் 'ஏஜ் லிமிட்', 'சலரி ஸ்கேல்', 'ஸ்கீம் ஒஃப் ரெக்ரூட்மென்ட்', 'புரொபேஷன்', 'எஃபிஷியன்ஸி பார்' என்று நேரே கிடைத்துவிடும். அகராதியில் தேடினால் இந்த நாட்டு நிர்வாகத்தில் உண்மையில் புழங்கும் சொற்றொடர் வராது. அரச உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கும் எந்தப் பிள்ளையிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தனியார் துறைக்கு ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகைகளின் வெற்றிடப் பக்கங்கள். வாங்க வசதியில்லாதவர்கள் விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகிலுள்ள கொழும்பு பொது நூலகத்தில் வாசிக்கலாம். விளம்பரத்தில் கடமைகள் பட்டியலிடப்பட்டிருக்கும் பகுதியை மட்டும் குறிப்பெடுங்கள். நிறுவனத்தைப் பற்றிய புகழ் வாக்கியங்களை விட்டுவிடலாம். இன்னொன்று, அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் ஆதரவில் நடக்கும் 'ஓநெட்' என்ற இலவசத் தளம். ஒரு தொழிலைத் தேடினால், அதில் இருப்பவர் செய்யும் பணிகள், பாவிக்கும் கருவிகள், அதே வேலைக்கு வழங்கும் வேறு பெயர்கள் எல்லாம் வரும், பணிகளைச் சொல்லும் வாக்கியங்கள் பெரும்பாலும் வினைச்சொல்லில் தொடங்கும். பெயர்களை நம் ஊருக்கு மாற்றிக்கொண்டால் வினைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் டோஹாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஒன்லைன் நேர்முகத்துக்கு ஆயத்தமானார். அவரும் குவான்டிட்டி சர்வேயர்தான். "அக்கா, வேலை எல்லாம் தெரியும், சொல்லத்தான் தெரியேல்ல" என்றார். "சரி, நேத்து சைட்டில என்ன செய்தனீங்கள்? தமிழிலேயே சொல்லுங்கோ" என்றேன். "கொன்கிரீட் அளந்தன். கொன்ட்ராக்டரின்ட பில்லைப் பார்த்தன். கூடுதலா செய்த வேலைக்கு விலை போட்டன்." அந்த மூன்று வாக்கியங்களும் அப்படியே மூன்று அட்டைகள் ஆயின. அளவெடுப்பதற்கு 'டேக் மெஷர்மென்ட்ஸ்', இடைக்காலக் கொடுப்பனவைச் சரிபார்ப்பதற்கு 'செக் த இன்டரிம் பேமென்ட்', கூடுதல் வேலைக்கு விலையிடுவதற்கு 'பிரைஸ் எ வேரியேஷன்'. வாரக்கணக்கில் இப்படியே செய்தோம். தன் வேலையைத் தானே அட்டையாக்கியதால் அவருக்கு மனப்பாடம் என்ற பாரமே இருக்கவில்லை. வேலை கிடைத்துப் போய்விட்டார். அதில் அட்டைகளின் பங்கு எவ்வளவு, அவருடைய அனுபவத்தின் பங்கு எவ்வளவு என்று நான் பிரித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் வாய் திறந்து கதைக்கத் தொடங்கியதை நான் கண்ணால் கண்டேன்.

குறைகளையும் சொல்லவேண்டும். செயலியின் தோற்றம் வரண்டது. அமைப்புகளில் நுழைந்தால் புதியவர் குழம்பிப்போவார். கணினியிலும் அண்ட்ரொய்ட் போனிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு கொடுத்து வாங்கவேண்டும், நம் ரூபாயில் அது சிறிய தொகை இல்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் ஆன்கியின் இணையத்தளத்தில் இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து பிரவுசரிலேயே மீட்டலாம். நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்ற ஆரம்ப அமைப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு அதிகம். இன்று 20 என்றால், சில கிழமைகளில் மீட்டவேண்டியவை மலைபோல் குவியும். அதை 5 ஆகக் குறையுங்கள். 8 தடவை தவறவிட்ட அட்டையைச் செயலியே 'லீச்' என்று அடையாளமிடும். அப்படி அடையாளம் விழுந்த அட்டையோடு மல்லுக்கட்டாமல் அழித்துவிட்டு, வேறு வாக்கியத்தில் புதிதாக எழுதுவது நல்லது. பெரும்பாலும் பிழை நம் ஞாபகத்தில் அல்ல, வாக்கியத்தில்தான் இருக்கும்.

இதைவிட முக்கியமான குறை, உச்சரிப்பு. அட்டையை மௌனமாகப் பார்த்துக்கொண்டே போனால் கண்ணுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. 'எஞ்சினியர்' என்பதில் அழுத்தம் கடைசியில் விழுகிறது, 'அக்கவுண்டன்ட்' என்பதில் நடுவில், 'செக்ரட்டரி' என்பதில் முதலில். தமிழில் இப்படி ஒரு பகுதியை உயர்த்திச் சொல்லும் பழக்கம் இல்லாததால், எல்லாவற்றையும் ஒரே சீராகச் சொல்லிவிடுகிறோம், கேட்பவர் தடுமாறுகிறார். அகராதித் தளங்களில் உள்ள ஒலிப்பதிவைக் கேட்டு, அழுத்தம் விழும் பகுதியைத் தடித்த எழுத்தில் அட்டையில் போட்டிருக்கிறேன். பஸ்ஸில் மீட்டும்போது கூட உதடு அசையச் சொல்லிப் பார்ப்பேன். கதைப்பதற்கு ஆள் வேண்டும், அது எந்தச் செயலியாலும் ஆகாது. எங்கள் ஒஃபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் மட்டும் கதைப்பது என்று மூன்று பேர் சேர்ந்து வைத்துக்கொண்டோம். அன்றைக்கு அட்டையில் வந்த வினையை அன்றைக்கே அங்கே பாவிப்பேன்.

இப்போது மருத்துவத் துறைக்கான அட்டைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், மருமகள் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருப்பதால். வர்த்தமானி அறிவித்தலிலிருந்து விண்ணப்பச் சொற்கள், ஓநெட்டிலிருந்து அன்றாடப் பணிகளின் வினைகள், ஏற்கெனவே பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டெழுதிய வார்டுச் சொற்கள் என்று மூன்று பகுதியாக வைத்திருக்கிறேன். அவளுடைய போன் அண்ட்ரொய்ட், அதனால் காசுப் பிரச்சினை இல்லை. முதல் மாதம் நான் எழுதிய அட்டைகள், இரண்டாவது மாதத்திலிருந்து அவளே எழுதவேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.