குருசேடர் கிங்ஸ் 3: சொத்துக் கணக்கில் கெட்டி, உறவுக் கணக்கில் அரைகுறை

சுவீடனின் பரடொக்ஸ் நிறுவனம் 2020 செப்டெம்பரில் வெளியிட்ட குருசேடர் கிங்ஸ் 3 என்ற கணினி விளையாட்டில், இடைக்கால அரச வம்சமொன்றைத் தலைமுறை தலைமுறையாக நடத்தவேண்டும். படை நகர்த்தும் நேரத்தைவிட, அரசன் கண்மூடினால் எந்த நிலம் யாருக்குப் போகும் என்று கணக்குப் பார்க்கும் நேரமே கூடுதலாக இருக்கும். பெரியகுளத்துப் பௌத்த விகாரையான இராசராசப் பெரும்பள்ளியின் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகளைக் கண்டு வளர்ந்த திருகோணமலைக்காரன் என்பதால், ஆட்டம் தொடங்கும் ஆண்டாக 1066ஐத் தெரிவுசெய்து சோழன் வீரராசேந்திரனாகவே ஆடத் தொடங்கினேன்.

பாகப்பிரிவினைதான் இவ்விளையாட்டின் உயிர்நாடி. தொடக்கக்காலச் சட்டத்தின்படி நிலம் அரசனின் பிள்ளைகளிடையே பிரிவதோடு, கையில் போதிய நிலம் இருந்தால் இளையவனுக்கென்று புதிய அரசொன்றே உருவாகி, நேற்றுவரை ஒரே குடையின்கீழ் இருந்த நாடு அரசனின் மரணத்தோடு இரண்டாகிவிடுகிறது. மூத்த தாரத்துப் பிள்ளை, இளைய தாரத்துப் பிள்ளை என்று சட்டம் பார்ப்பதில்லை. பிறந்த வரிசையை மட்டுமே பார்க்கிறது. ஒருவனை வாரிசுரிமையிலிருந்து நீக்கலாம், ஆனால் வம்சம் தலைமுறைகளாகச் சேர்த்த புகழிலிருந்து அதற்கு விலை கொடுக்கவேண்டும். ஒரே தகப்பனின் பிள்ளைகள் பங்குக்காக ஒருவரையொருவர் வேவு பார்ப்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் விளையாட்டை நான் வேறு கண்டதில்லை.

இரத்தம் கலவாத உறவு என்று வந்தால் அந்த நுணுக்கத்தைக் காணோம். என் அரசனுக்கு ஒரு கைம்பெண்ணை மணமுடித்து, அவள் முதற்கணவனுக்குப் பெற்ற இரு மகன்களையும் அரசவைக்கு அழைத்துக்கொண்டேன். என் மகனோடு ஒரே கூரையின்கீழ் வளர்ந்தும், குடும்ப மரத்தில் அவர்கள் அவனுக்கு உடன்பிறந்தோர் அல்லர். உரிமை இல்லாமற்போவது நியாயம்தான். ஆனால் பாசமோ பொறாமையோகூட அந்த உறவின் பெயரால் எழுவதில்லை. சிற்றன்னையின் சூழ்ச்சியால் காடேகிய கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய ஏமாற்றம்.

தத்தெடுப்பும் அப்படியே. வெளியான காலத்தில் அதற்கு வழியே இருக்கவில்லை. இரசிகர்கள் எழுதிய மொட்களே (விளையாட்டை மாற்றியமைக்கும் துணை நிரல்களே) அக்குறையைப் போக்க முன்வந்தன. பிறர் பிள்ளையை வளர்ப்பிலெடுத்துக் கல்வியும் சமயமும் ஊட்டலாம், ஆனால் அதனால் அவன் வாரிசாக மாட்டான். என் ஆட்டம் தொடங்கும் அதே நூற்றாண்டில், பைசாந்தியப் பேரரசி சோயி தத்தெடுத்த ஐந்தாம் மைக்கேல் 1041இல் முடிசூடி, அடுத்த ஆண்டே தத்தெடுத்தவளையே நாடுகடத்தி, கொன்ஸ்தாந்திநோபிள் மக்களின் கிளர்ச்சியில் அரியணையையும் கண்களையும் இழந்தான். இப்படியொரு கதை கையிலிருக்க, தத்தெடுப்பை முதல்நாளே சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

சோழரிடம் வந்தால் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 1070இல் வீரராசேந்திரனின் மகன் அதிராசேந்திரன் மாண்டதும் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன், தந்தைவழியில் வேங்கிச் சாளுக்கியன், தாய்வழியில் முதலாம் இராசேந்திரனின் பேரன். வரலாறு அவனைச் சோழனாகவே ஏற்றுக்கொண்டது. விளையாட்டில் அவன் சாளுக்கிய வம்சத்தவன். நான் ஆடுவது சோழ வம்சத்தை என்பதால், என் முதல் வாரிசாக அவன் வந்தால் என் ஆட்டமே முடிந்துவிடும். பிள்ளைகள் தாயின் வம்சத்தில் சேரும்படி திருமணம் பேசும் வசதி உண்டென்றாலும், அதைக் கலியாணத்தின்போதே செய்துகொள்ளவேண்டும்.

திருமண விதிகளில் மாமன் மகளையும் சித்தப்பா மகளையும் ஒரே தட்டில் வைத்திருப்பது, வீட்டில் யாராவது எட்டிப் பார்த்தால் விளக்கம் சொல்லச் சங்கடமான விடயம்.

தமிழில் இது கிடைப்பதில்லை. ஆங்கிலத்தில் நிறைய வாசிக்கவேண்டியிருக்கும். விரிவாக்கங்களைத் தனித்தனியே விற்கிறார்கள், ஆனால் பாகப்பிரிவினையின் சுவையை அறிய அடிப்படை விளையாட்டே போதும். விலைகுறைப்புக் காலத்தில் அதை மட்டும் வாங்கி, முதல் அரசன் இறந்து நாடு பிரியும்வரை ஆடிப் பார்த்துவிட்டு, மிச்சத்துக்குப் பணம் செலவழிப்பதைப் பற்றி யோசியுங்கள்.