முட்டி வலிக்கு ஒரு டூர், வீல்சேருக்கு ஒரு டூர்: ரெண்டையும் ஒண்ணா போட்டு விக்கிறாங்க

எங்க வீட்ல ரெண்டு கேஸ். அக்காவுக்கு வீல்சேர், எனக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போய் கைத்தடி. பழைய ஊர் எதுக்குப் போனாலும் ஒரு கைடைப் பிடிச்சு தெருத்தெருவா கதை கேட்டுட்டே சுத்தணும், அதுல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். ஆனா "நடக்க சிரமப்படுறவங்களும் வரலாம்"னு போட்டிருக்கிற டூர் இதுவரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஒத்துவந்ததே இல்ல, அவளுக்கு சூப்பரா இருந்தது எனக்கு தண்டனை, எனக்கு சொகுசா இருந்ததுல அவளால ஏறவே முடியல. அதனால எது பெஸ்ட்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான்: உங்களை எது தடுக்குது? படியா, கல்லுத்தரையா, தூரமா, இல்ல நிக்கிறதா?

முதல்ல எல்லாரும் புக் பண்ற சாதா குரூப் டூர். இருபது பேர், கையில குடையோ கொடியோ தூக்கிப் பிடிச்ச கைடு, ரெண்டு மணி நேரம், "மொத்தமே 2 கிலோமீட்டர்தான் சார், மெதுவாதான் போவோம்"னு சொல்வாங்க. அந்த 2 கிலோமீட்டரை நம்பி ஏமாந்தவன் நான். கணக்கு போட்டுப் பாருங்க, மணிக்கு 3 கிலோமீட்டர்ங்கிற ஆமை வேகத்துல நடந்தாக்கூட 2 கிலோமீட்டருக்கு 40 நிமிஷம் போதும், அப்ப மீதி 80 நிமிஷம் என்ன பண்ணுவாங்க? நிப்பாங்க. ஒவ்வொரு கட்டடத்து முன்னாடியும் எட்டு நிமிஷம், பத்து நிமிஷம் ஆணி அடிச்ச மாதிரி நிக்கணும். தேஞ்ச முட்டிக்கும் இடுப்புக்கும் நடக்கிறதை விட நிக்கிறதுதான் கொடுமை, நடக்கும்போதாவது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிஞ்சு ரத்தத்தை மேல தள்ளும், சும்மா நின்னா அதுவும் கிடையாது, கால் வீங்கிக் கனக்க ஆரம்பிச்சிடும். இதே டூர்ல அக்கா ஜாலியா உக்காந்திருப்பா, அவதான் வரும்போதே நாற்காலி கொண்டு வந்துட்டாளே.

அவளுக்கு அங்க வேற பிரச்சனை. உக்காந்த உயரத்துல சுத்தி நிக்கிறவங்க முதுகும் பையும்தான் தெரியும், கைடோட குரல் தலைக்கு மேல போயிடும், அவளை முன்னாடி விடணும்னு யாருக்கும் தோணாது. காதுல மாட்டுற ரிசீவர் குடுக்கிற டூர்னா இதுல பாதி தீர்ந்துடும், நாமளும் பின்தங்கி வந்தாலும், தள்ளிப் போய் ஒரு திண்ணையில உக்காந்தாலும் கதை காதுல விழும். எனக்கும் அவளுக்கும் சேர்த்து உதவின ஒரே சாமான் இதுதான், புக் பண்றப்ப ரிசீவர் உண்டான்னு கேக்காம விடாதீங்க.

தரையைப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா போட்டோவுல அழகா தெரியிற கல் பாவின தெருதான் வீல்சேருக்கு மொத எதிரி. பின் சக்கரம் பெருசு, அது பாட்டுக்கு ஏறிப் போயிடும், முன்னாடி இருக்கிற குட்டிச் சக்கரம்தான் ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டி சட்டுனு நிக்கும், நின்னா உக்காந்திருக்கிறவங்க முன்னால தூக்கி எறியப்படலாம். ரோம்ல சம்பியெத்ரீனின்னு சொல்ற சின்னச் சின்ன கருங்கல், எடின்பரோல ராயல் மைல் தெருவுல இருக்கிற கல்லு, ரெண்டுமே இந்த ரகம்தான். தள்ளுறவங்க வண்டியை லேசா பின்னால சாய்ச்சு பின் சக்கரத்துல மட்டும் ஓட்டணும், இல்ல கால் வைக்கிற தட்டுல ஒரு பெரிய மூணாவது சக்கரத்தை மாட்டி முன் சக்கரங்களைத் தரையில படாம தூக்கிடணும். அந்தச் சக்கரம் வாங்கின அப்புறம்தான் அக்கா தைரியமா பழைய ஊர்ப் பக்கமே வர ஆரம்பிச்சா.

நெதர்லாந்துல பிரேடான்னு ஒரு ஊர், அங்க பண்ணினதைக் கேட்டா ஆச்சரியமா இருக்கும், பழைய கல்லையெல்லாம் பேத்து எடுத்து, அறுத்து, அறுத்த சமமான பக்கம் மேல வர்ற மாதிரி திரும்பப் பதிச்சாங்க. தெருவோட பழைய முகமும் போகல, வண்டியும் உருளுது. மாற்றுத்திறனாளிகளும் வயசானவங்களும் சிரமமில்லாம புழங்குற ஊருக்குக் குடுக்கிற ஐரோப்பிய அணுகல் நகர விருது, 2019க்கானது அவங்களுக்குத்தான் கிடைச்சது. 'பாரம்பரியத் தெரு, கை வைக்க முடியாது'ன்னு சொல்ற ஆபீசருங்களை அங்க ஒரு ட்ரிப் கூட்டிட்டுப் போகணும்.

சரி, அடுத்தது நமக்குன்னே தனியா கைடு வைக்கிற டூர், படியே இல்லாத பாதையா பார்த்துப் போட்டது. காசு கூட. ஆனா அக்கா மாதிரி ஆளுக்கு கண்ணை மூடிட்டு இதைத்தான் சொல்வேன், ஏன்னா நல்ல கைடு பாதையை நடந்து பார்த்திருப்பார், எந்தப் பக்கவாசல்ல படி இல்ல, எந்த நடைபாதை ஓரத்துல சரிவு வெட்டியிருக்கு, எங்க வீல்சேர் போற டாய்லெட் இருக்குன்னு மனப்பாடமா சொல்வார். டாய்லெட் விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க, பிரிட்டன்ல இந்த டாய்லெட் நிறைய இடத்துல பூட்டித்தான் இருக்கும், ரேடார் சாவின்னு ஒரு பொதுச் சாவி இருந்தா திறக்கலாம். டூர் நடத்துறவங்க கிட்ட அந்தச் சாவி இருக்கான்னு கேட்டாலே அவங்க எவ்வளவு அனுபவசாலின்னு தெரிஞ்சிடும்.

இதுலயும் ஏமாத்து உண்டு. ஒரு தடவை "முழுக்க வீல்சேர் வசதி"ன்னு பேசி பணம் கட்டின டூர்ல கைடு பாட்டுக்கு ஒரு முற்றத்து வாசல்ல போய் நின்னார், ரெண்டே ரெண்டு படி, "தூக்கிடலாம் சார்"ங்கிறார். அக்காவோடது பேட்டரி வண்டி. அந்த மாதிரி வண்டி நிறைய மாடல் ஆள் உக்காராமலே 100 கிலோ தாண்டும், தூக்கிடலாமாம். அப்புறம் எங்கேர்ந்தோ மடக்கு ரேம்ப் ஒண்ணைக் கொண்டு வந்து போட்டார், பார்த்த உடனே தெரிஞ்சது ஆகாதுன்னு. பொதுவா ஏத்துக்கிட்ட அளவு 1க்கு 12, அதாவது ஒரு அடி உயரம் ஏறணும்னா பன்னெண்டு அடி நீளத்துக்குச் சரிவு வேணும். ரெண்டு படி சேர்ந்து 30 சென்டிமீட்டர்னு வச்சாக்கூட 3.6 மீட்டர் ரேம்ப் வேணும், அவர் கொண்டு வந்தது 2 மீட்டர் இருந்தாலே அதிகம். அக்கா "நீங்க உள்ள போய்ப் பாத்துட்டு வாங்கடா, நான் இந்த வாசலைப் பாத்துக்கிறேன்"னு சொல்லிட்டா. அன்னைலேர்ந்து 'வசதி இருக்கா'ன்னு கேக்குறதை விட்டுட்டோம், 'மொத்தம் எத்தனை படி, ஒவ்வொண்ணும் எங்க'ன்னுதான் கேக்குறோம்.

எனக்கு இந்த தனி கைடு எப்படின்னா, பெஞ்ச் எங்க இருக்குன்னு தெரிஞ்சவரா இருந்தா சொர்க்கம், இல்லேன்னா அதே நிக்கிற கொடுமைதான், காசு மட்டும் அதிகம். படி இல்லாத பாதைன்னு நாலு தெரு சுத்திக் கூட்டிட்டுப் போவாங்க வேற, வீல்சேருக்கு அது நியாயம், எனக்கு அஞ்சு படியைக் கைப்பிடி பிடிச்சு ஏறினா முடிஞ்சது, அதுக்குப் பதிலா அரை கிலோமீட்டர் சுத்தணுமா? கைத்தடியோட போறவங்க இதை முன்கூட்டியே சொல்லிடுங்க. மடக்கினா தடி, விரிச்சா ஸ்டூல்னு ஒண்ணு விக்குது, அதையும் வாங்கி வச்சுக்கோங்க.

மூணாவது, வண்டி டூர். பேட்டரி கார், கோல்ஃப் கார்ட், சைக்கிள் ரிக்‌ஷா, ஊருக்கு ஒரு பேர். என் ஓட்டு இதுக்குத்தான், வெக்கமே இல்லாம சொல்றேன். உக்காந்துட்டே கதை கேக்கலாம், வேணுங்கிற எடத்துல இறங்கி பத்தடி நடந்துட்டு திரும்ப ஏறிக்கலாம், மேடு பள்ளம் பத்தின கவலையும் இல்ல. தாஜ்மஹால் மாதிரி புகை விடுற காரு, பஸ்ஸைக் கிட்டவே விடாத இடங்கள்ல பார்க்கிங்லேர்ந்து வாசல் வரைக்கும் போறதுக்கே பேட்டரி வண்டிதான் துணை. ஆனா அக்காவுக்கு இது பெரும்பாலும் ஆகாது. வீல்சேர்லேர்ந்து எழுந்து சீட்டுக்கு மாறணும், சீட் உயரம், பக்கத்துல பிடிக்கக் கம்பி கிடையாது, அப்புறம் அந்த வீல்சேரை எங்க வைக்கிறது? மடக்குற வண்டின்னா பின்னால கட்டிடுவாங்க, பேட்டரி வண்டின்னா போச்சு. ரேம்ப் வச்சு வீல்சேரோட ஏத்திக் கட்டுற கார்ட்டும் சில ஊர்ல இருக்கு, தேடிப் பிடிக்கணும். இன்னொண்ணு, வண்டி நுழையாத சந்துதான் பழைய ஊரோட உயிரே, அதை வாசல்லேர்ந்து கை காட்டி "அந்தப் பக்கம் ரொம்ப அழகா இருக்கும்"னு சொல்லிட்டு போயிடுவாங்க.

மேல்மாடி திறந்த சுத்திப்பாக்குற பஸ்ஸும் இருக்கு. வீல்சேருக்கு இடம் கீழ்த்தளத்துல ஒண்ணோ ரெண்டோதான், பார்க்கிறதுக்குன்னே வச்ச மேல்மாடிக்குப் படி ஏறணும். மழைக்கு ஒதுங்க நல்லது. அவ்வளவுதான்.

கைடே வேண்டாம், ஆடியோவை போன்ல போட்டுக்கிட்டு நம்ம இஷ்டத்துக்குப் போறதுன்னு ஒரு வழி. நிக்க முடியாதவங்களுக்கு இது உண்மையிலேயே நல்லாருக்கு, பெஞ்ச் கண்ட இடத்துல உக்காந்து பாஸ் பண்ணிட்டு மூச்சு வாங்கலாம், யாரும் வாட்சைப் பாக்க மாட்டாங்க. பிரிட்டன் ஊர்கள்ல ஷாப்மொபிலிட்டின்னு வீல்சேர், ஸ்கூட்டர் எல்லாம் வாடகைக்கோ இரவலோ குடுக்கிற ஏற்பாடு உண்டு. வீல்மேப்னு 2010லேர்ந்து இருக்கிற மேப்ல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு எந்த இடத்துக்குள்ள வீல்சேர் போகும்னு ஜனங்களே குறிச்சு வச்சிருக்காங்க. ஆனா ஆடியோவுக்குக் கண்ணு கிடையாது, அது "இடது பக்கம் படியில இறங்குங்க"ன்னு கூசாம சொல்லும், நடுவழியில தோண்டிப் போட்டிருந்தா வேற வழி காட்ட ஆள் இல்ல. தனியா போற வீல்சேர்க்காரங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், கூட ஒருத்தர் இருந்தா சரி.

ஊரைப் பொறுத்தும் கணக்கு மாறும். வெனிஸ்ல 400க்கு மேல பாலம், பெரும்பாலும் படி வச்சது, அங்க நடை டூர்ங்கிற பேச்சையே விட்டுட்டு வாப்பொரெத்தோ படகுல கைடோட போறதுதான் அக்காவுக்கு சரி. 2008ல திறந்த புதுப் பாலத்துலயே வீல்சேருக்கு வழி வைக்காம விட்டு, அப்புறமா ஒரு கேபினை ஒட்டவச்சு, அதுவும் சரியா ஓடாம கழட்டினாங்கன்னா பாத்துக்கோங்க. இங்கிலாந்துல இருக்கிற செஸ்டர் அதுக்கு நேர் எதிர், இடைக்கால ரெண்டடுக்கு கடைத்தெருவுக்கும் கோட்டை மதிலோட சில பகுதிக்கும் ரேம்ப், லிஃப்ட் இருக்கு, பிரேடாவுக்குக் கிடைச்ச அதே விருது 2017க்கு அவங்களுக்கு, அங்க நடை டூரே போதும். ஏதென்ஸ் அக்ரோபோலிஸ்ல 2020 டிசம்பர்ல புது லிஃப்ட் வந்துச்சு, ஆனா அது குன்றோட வடக்குப் பக்கம், எல்லாரும் போற மெயின் வாசல்ல இல்ல, கைடு அங்க சந்திக்கிறேன்னு சொன்னா எந்தப் பக்கம்னு கேட்டு வச்சுக்கோங்க. லிஃப்டை நம்பின எந்த டூருக்கும் அன்னைக்குக் காலையில போன் போட்டு ஓடுதான்னு கேட்டுட்டுத்தான் கிளம்பணும், முந்தின வாரம் ஓடினது கணக்குல வராது.

கடைசியா நாங்க கேக்குற கேள்வி, டூர் எங்க முடியுது? நிறைய டூர் ஆரம்பிச்ச இடத்துல முடியாது. மேட்டு ஊர்னா மேல ஆரம்பிச்சு கீழ முடியணும், எடின்பரோல கோட்டையில ஆரம்பிச்சு அரண்மனைப் பக்கம் இறங்குறது மாதிரி. தலைகீழா வச்சிருந்தா நாங்க கைடு கிட்ட திருப்பிப் போகச் சொல்லுவோம், பாதிப் பேர் சரின்னுடுவாங்க. ஆனா கீழ் முனையில டாக்சி நிக்கணும், அதுவும் வீல்சேர் ஏத்துற டாக்சி, ஒரு ஊர்ல அது இல்லாம கதை கேட்ட அதே மேட்டுல அக்காவைத் தள்ளிட்டு ஏறினேன், அவ ஒவ்வொரு கட்டடமா காட்டி கைடு சொன்னதை எனக்குத் திரும்பச் சொல்லிட்டே வந்தா.