நிர்வாகிகளுக்கான பாதுகாப்பு ஏஜென்சி: கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள்

நிறுவனத்தின் தலைமை நிர்வாகிக்கும் அவர் குடும்பத்துக்கும் தனிப் பாதுகாப்பு தர ஓர் ஏஜென்சியோடு ஓராண்டு ஒப்பந்தம் போட்டு, பாதியில் முறிக்க வேண்டியதாயிற்று. வக்கீல் நோட்டீஸ் இன்னும் போய் வந்துகொண்டிருப்பதால் பெயர் சொல்லவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயனில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் வந்தது அச்சுறுத்தல் மதிப்பீட்டு அறிக்கை. தடிமனான பைண்டிங், வண்ண வரைபடங்கள், நகரத்தின் குற்ற நிலவரம். உள்ளே ஓரிடத்தில் வேறு யாரோ ஒரு வாடிக்கையாளரின் பதவிப் பெயர் அழிக்கப்படாமல் கிடந்தது. அதைவிட மோசம், அறிக்கையில் எது இல்லை என்பதுதான். வீட்டு முகவரி எந்தெந்தப் பொது ஆவணங்களில் கிடைக்கிறது, பிள்ளைகள் போடும் படங்களில் பள்ளிச் சீருடை தெரிகிறதா, ஓட்டப் பயிற்சி ஆப்பில் காலை ஓடும் பாதை எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறதா, வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களின் மிரட்டல் மின்னஞ்சல்களை யாராவது வரிசைப்படுத்திப் படித்தார்களா: எதுவும் கிடையாது. இவற்றைப் பார்க்காத அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள். வீட்டு ஆட்களையும் செயலாளரையும் டிரைவரையும் உட்காரவைத்துப் பேசாமல் யாராலும் உருப்படியான மதிப்பீடு எழுத முடியாது.

அடுத்தது ஆள் கணக்கு. பெரிய மோசடி இங்கேதான். ஒரு காவல் இடத்தை வாரம் முழுக்க 24 மணி நேரமும் நிரப்ப 168 மணி நேர உழைப்பு வேண்டும். ஒருவருக்கு வாரம் 48 மணி நேரம் என்றால் 3.5 ஆள். லீவு, உடல்நலக் குறைவு, பயிற்சி நாள் எல்லாம் சேர்த்தால் நடைமுறையில் ஐந்து பேர் வரை ஆகும். வீட்டில் கேட் ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு இடங்கள். ஆகவே பில்லில் பத்துப் பெயர் இருந்தது. கேட் கேமரா பதிவையும் கைரேகைப் பதிவையும் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டபோது தெரிந்தது நான்கே முகங்கள். இரண்டு இடங்களுக்குமான 336 மணி நேரத்தை நான்கால் வகுத்தால் வாரத்துக்கு ஆளுக்கு 84. அதாவது தினம் 12 மணி நேரம், ஏழு நாளும். அதில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மிச்ச மூவருக்கும் 16 மணி நேர டூட்டி. அப்படி நிற்பவன் அதிகாலையில் எதைக் கவனிப்பான்? அவன்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஓவர்டைமும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை என்பது பிறகு வெளியே வந்தது.

ஒப்பந்தத்திலேயே மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள். பெயருடன் கூடிய ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது டூட்டி என்ற பட்டியல், முன்கூட்டியே வர வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் எத்தனை மணி நேரம் என்ற வரம்பு இருக்க வேண்டும். வருகைப் பதிவு உங்கள் கருவியில் இருக்க வேண்டும், அவர்கள் நோட்டில் அல்ல.

வீடு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் அதிகாரி சிட்னி ரீசோ 1992 ஏப்ரல் 29 அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது கடத்தப்பட்டது சொந்த வீட்டு வாசல் பாதையின் முனையில். காரில் ஏறும் இடமும் இறங்கும் இடமும்தான் எப்போதுமே பலவீனமானவை.

அடுத்தது முன்னாய்வு. இந்தத் தொழிலில் இதை ‘அட்வான்ஸ்’ என்பார்கள். நிர்வாகி போகுமுன் ஒருவர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இவர்கள் தந்த முன்னாய்வு அறிக்கையில் இருந்த ஹோட்டல் படங்கள் அந்த ஹோட்டலின் விளம்பரப் படங்களே. பயண நேரம் வரைபட ஆப்பில் பார்த்து எழுதியது, அதுவும் நள்ளிரவு நேரக் கணக்கு. நெருங்கிய மருத்துவமனை என்று குறித்திருந்தது ஒரு கண் மருத்துவமனை! உண்மையான முன்னாய்வில் இருப்பவை வேறு: எந்த வாசலில் இறங்குவது, அந்த வாசல் அந்த நேரத்தில் திறந்திருக்குமா, சர்வீஸ் லிஃப்ட்டின் சாவி யாரிடம், மாற்று வழி எது, 24 மணி நேரமும் விபத்து அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை எது, அதன் அவசரப் பிரிவின் நுழைவு எந்தத் தெருவில், அங்கே பொறுப்பில் இருப்பவரின் பெயரும் அழைத்துச் சோதித்த எண்ணும். போகிற அதே கிழமையில், அதே நேரத்தில் காரோட்டிப் பார்த்திருக்க வேண்டும். படங்களை அசல் கோப்பாகக் கேளுங்கள். எடுத்த தேதியும், போனில் லொக்கேஷன் ஆன் செய்திருந்தால் இடமும், அதிலேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும். அப்படி அனுப்புவதற்கே சிலர் ஆசைப்படுவார்கள்.

கார் விஷயம். ‘பி6 கவசம்’ (ரைஃபிள் குண்டைத் தாங்கும் தரம்) என்று சொல்லிக் கொடுத்த வண்டிக்குக் காட்டிய சான்றிதழ் கண்ணாடிக்கு மட்டுமானது. கதவு இடுக்கில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடுகின்றனவா என்று பார்த்தால், இடைவெளி தெரிந்தது. சான்றிதழில் அந்த வண்டியின் சேஸிஸ் எண் இல்லையென்றால் அதைக் காகிதமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் ஓரங்களில் வெண்மை படர்ந்தோ குமிழ் விட்டோ இருந்தால் அடுக்குகள் பிரிகின்றன என்று அர்த்தம். முழுக் கவசம் பல நூறு கிலோவிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் எடை கூட்டும். பிரேக்கும் சஸ்பென்ஷனும் அதற்கேற்ப மாற்றப்பட்டனவா என்று கேளுங்கள். கவசமே எல்லாம் என்று நம்பவும் வேண்டாம். ஜெர்மனியின் டாய்ச்சே வங்கித் தலைவர் ஆல்ஃபிரட் ஹெர்ஹவுசன் 1989 நவம்பர் 30 அன்று கொல்லப்பட்டபோது கவச மெர்சிடிஸில், கூடவே பாதுகாப்புக் கார்களோடுதான் போய்க்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், சாலையோரச் சைக்கிளில் வைத்த குண்டு. நேரத்தையும் வழியையும் மாற்றுவது இலவசம். இந்த ஏஜென்சி ஆட்கள் தினமும் 8.40-க்கு ஒரே கேட்டில் வண்டியை நிறுத்தினார்கள்.

முதலுதவிப் பை டிக்கியில், சூட்கேஸ்களுக்கு அடியில் பூட்டிக் கிடந்தது. ஏ.இ.டி.யின், அதாவது நின்றுபோகும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவியின், பேட்கள் காலாவதி. ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிக்கே போலி. திருகியதும் குச்சி வளைந்தது. ஒரு நிர்வாகிக்குத் துப்பாக்கியைவிட மாரடைப்பும் சாலை விபத்தும்தான் அதிகம் நேரக்கூடியவை.

ஒட்டுக்கேட்புச் சோதனை என்று கையடக்க அலை உணரி ஒன்றோடு ஒருவர் வந்து, மொத்த அலுவலகத்தையும் அரை மணி நேரத்தில் முடித்தார். அறையில் உலவும் ரேடியோ அலைகளைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும், அணைந்து கிடக்கும் மின்னணுச் சாதனத்தையும் காட்டிக்கொடுக்கும் ஜங்ஷன் டிடெக்டரும் இல்லாமல் இது சோதனையே ஆகாது. ஓர் அறைக்கே மணிக்கணக்கில் ஆகும். ஒப்பந்தப் புதுப்பிப்புக்குச் சில வாரங்கள் இருக்கையில் அதே ஆள் ஒரு கருவியைக் ‘கண்டெடுத்தார்’. இருந்த இடத்திலேயே படம் எடுக்கவில்லை, கையுறை இல்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. கையில் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். அதே வாரத்தில் ‘நம்பகமான வட்டாரத் தகவல்’ என்று புதிய மிரட்டல் எச்சரிக்கையும் வந்தது, கூடுதல் நாலு ஆளுக்கான கொட்டேஷனோடு. மிரட்டலை மதிப்பிடுபவரும் ஆள் சப்ளை செய்பவரும் ஒருவராகவே இருக்க விடாதீர்கள்.

முறித்துக்கொண்டால் அன்றே செய்ய வேண்டியவை: கேட் ரிமோட், அலாரக் குறியீடு, வைஃபை கடவுச்சொல், கேமரா லாகின் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பூட்டுகளையும்தான், சாவி திரும்ப வந்திருந்தாலும். பயணத் திட்டம் பகிர்ந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர்களை நீக்குவது போதாது, பழைய செய்திகள் அவர்கள் போனிலேயே இருக்கும். அதனால் வரப்போகும் பயணங்களின் ஹோட்டலையும் நேரத்தையும் மாற்றுங்கள். வீட்டு வரைபடமும் குடும்பப் படங்களும் அழிக்கப்பட்டன என்று எழுத்தில் வாங்கியபிறகே கடைசி பில்லைத் தீருங்கள்.