ஆய்வுப் பயிற்சியா, பரப்புரைப் பயிற்சியா?

பெண்களின் பொருளாதாரப் பாதுகாப்புக்கான கொள்கைப் பணியில் இன்டர்ன்ஷிப் தேடுவோர் தடுமாறுவது இங்கேதான்.

வேலை: ஆய்வில், சம ஊதியம், மகப்பேறு விடுப்பு, ஓய்வூதியம் பற்றிய தரவுகளை அலசி 2 பக்கக் குறிப்பாக்க வேண்டும். பரப்புரையில், மனு எழுதுவது, சட்டமன்ற உறுப்பினர்களிடம் நேரம் வாங்குவது.

தேவை: ஆய்வுக்கு எக்செல், புள்ளியியல். பரப்புரைக்குத் தெளிவான பேச்சு, பொறுமை (நிறையவே).

சறுக்கல்: ஆய்வில், மணிநேர ஊதியத்தையும் ஆண்டு ஊதியத்தையும் கலந்துவிடுவது. பகுதிநேர வேலையில் பெண்கள் அதிகம். அதனால் ஆண்டுக் கணக்கில் ஆண்-பெண் ஊதிய இடைவெளி பெரிதாகத் தெரியும். எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். பரப்புரையில், சட்டத்தின் எந்தப் பிரிவு, என்ன திருத்தம் என்று சொல்லாமல் பொதுவாகக் கேட்பது.

மிஞ்சுவது: ஆய்வில் எழுத்து மாதிரி, பரப்புரையில் தொடர்புகள்.

மேற்படிப்பு நோக்கமென்றால் ஆய்வு. களப்பணி வேலைக்குப் பரப்புரை. எதுவானாலும் உதவித்தொகை உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். பெண்களின் ஊதியத்துக்காகப் பேசுமிடத்தில் இலவச உழைப்பு முரண்தானே!