பாராசிட்டமாலா, ஐபுபுரோஃபெனா?

காய்ச்சல், தலைவலி என்றால் நான் முதலில் எடுப்பது பாராசிட்டமால்தான். வயிற்றைப் புண்ணாக்காது. ஆனால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுத்துவிடும். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளில் 4 கிராம்தான் உச்சவரம்பு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து கலந்திருக்கிறது, அட்டையைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்து விழுங்குவதுதான் எனக்குப் பெரிய கவலை. மது அதிகம் குடிப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து.

சுளுக்கு, பல்வலி, மாதவிடாய் வலி போன்றவற்றுக்கு ஐபுபுரோஃபென் நன்றாகக் கேட்கும், வீக்கத்தையும் குறைக்கும். அப்புறம், இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது நல்லது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். டெங்கு சந்தேகம் இருந்தாலும் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும்.