ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் விடுமுறைக்கு வீடு எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் 1,480 பவுண்டு போய்விட்டது

ஸ்கைக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் கைல் ஆஃப் லோகால்ஷ் ஊரில் ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் தரையில் படுத்திருக்கிறார்கள். நேற்று மாலை வரை ஸ்கை தீவில் ஏழு நாளைக்கு எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. 1,480 பவுண்டு கொடுத்து எடுத்த வீடு. இப்போது வீடும் இல்லை, பணமும் இல்லை. நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். இப்படி மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். அப்பா, அம்மா தென்காசியிலிருந்து முதல் முறையாக வந்திருக்கிறார்கள். அப்பாவுக்குச் சாரல் என்றால் உயிர். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குப் போகாமல் இருந்த வருஷமே அவருக்குக் கிடையாது. அதனால் லண்டனைச் சுற்றிக் காட்டுவதைவிட மலையும் மேகமுமாக ஓர் இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மார்ச் மாதம் முழுக்க இதே வேலையாக இருந்தேன். முதலில் இங்கிலாந்தின் ஏரி மலைப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் பார்த்தோம். அங்கே இருக்கும் கெஸ்விக் ஊர் ஸ்காட்லாந்தைவிடக் கிட்டத்தில்தான், ஆனால் பள்ளி விடுமுறையில் அங்கே கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. ஸ்காட்லாந்தின் கிளென்கோ மலைப் பள்ளத்தாக்கு அழகு, ஆனால் ஒரு வாரம் தங்கினால் அம்மாவுக்குக் கால்வலியோடு ஏறி இறங்க முடியாது. ஸ்கையில் பாதி அழகைக் காரில் இருந்தே பார்க்கலாம். ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் பாறை சாலையிலிருந்தே தெரியும். கில்ட் ராக் பாறையையும் அதன் பக்கத்தில் நேரே கடலில் விழும் மீல்ட் அருவியையும் பார்க்க, காரை நிறுத்திவிட்டுச் சில அடி நடந்தால் போதும். 1995இல் பாலம் வந்துவிட்டதால் படகுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். சரி, ஸ்கைதான் என்று முடிவு செய்தோம்.

விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடும் பெரிய இணையதளம் ஒன்றில் ஸ்டாஃபின் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. வெள்ளைச் சுவர், நீல நிற ஜன்னல், உள்ளே கறுப்பு விறகு அடுப்பு. சமையலறை ஜன்னல் வழியாக குயிரைங் மலைச்சரிவு. தளத்தில் போட்டிருந்த விலை 1,690. கடைசிப் படத்தின் ஓரத்தில் ஒரு வாட்ஸ்அப் எண் இருந்தது. காலியாக இருக்கிறதா என்று கேட்கத்தான் அந்த எண்ணில் எழுதினேன். பத்து நிமிடத்தில் வீட்டுக்காரன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் கூப்பிட்டுவிட்டான்.

அந்தப் பேச்சைத்தான் நேற்று இரவிலிருந்து திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் வீட்டைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்கள் பெற்றோர் வெயில் ஊரிலிருந்து வருகிறார்கள், ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும், ஏழு நாளில் நான்கு நாள் மழை இருக்கும், இது தெரிந்துதான் வருகிறீர்களா?" என்று கேட்டான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகம் ஸ்கையின் தெற்கே இருக்கும் குல்லின் மலையில் முட்டி அங்கேயே கொட்டிவிடும், தெற்கே கொட்டும்போது வடக்கே ஸ்டாஃபினில் வெளுத்திருக்கலாம், அதனால் காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யுங்கள் என்றான். மிட்ஜ் என்ற பொடிக் கொசு காற்று நின்றால் மொய்த்துவிடும் என்றான். ஒற்றையடிப் பாதை மாதிரி இருக்கும் தார்ச்சாலையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும், அங்கே காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கக் கூடாது என்றான். ஃபேரி பூல்ஸ் என்ற அருவிக் குளங்களுக்குப் போகும் பாதை அம்மாவுக்கு வேண்டாம், வழுக்கும் என்றுகூடச் சொன்னான்.

வீட்டை வாடகைக்கு விட வந்தவன் குறையைச் சொல்வானா? அதில்தான் விழுந்தேன். மழையை மறைக்காதவன் மற்றதை எதற்கு மறைக்கப்போகிறான் என்று நினைத்தேன். போனை வைத்ததும் என் கணவரிடம், "நல்ல மனுஷன்" என்று சொன்னேன். அவன் சொன்னதில் வீட்டைத் தவிர எல்லாமே உண்மை.

அப்புறம்தான் பணப் பேச்சு வந்தது. தளத்தின் கட்டணம் இல்லாமல் நேராகக் கொடுத்தால் 1,480 போதும் என்றான். குளிர்காலத்தில் ஸ்பெயினில் இருப்பதால் அவன் கணக்கு அங்கேதான் இருக்கிறதாம், யூரோவில் அனுப்பச் சொன்னான். வீட்டு உரிம எண் விளம்பரத்திலேயே இருந்தது. ஸ்காட்லாந்தில் இப்படிச் சில நாளுக்கு வாடகைக்கு விட உரிமம் வேண்டும், அந்த எண்ணை விளம்பரத்தில் போட வேண்டும் என்று படித்திருந்தேன். எண் இருந்ததே போதும் என்று இருந்துவிட்டேன். 1,480 பவுண்டும் ஒரே தடவையில் போனது. அடுத்த நிமிடம் ரசீது வந்தது, வீட்டுச் சாவி இருக்கும் பெட்டியின் எண்ணோடு.

நேற்று இரவு ஏழரை மணிக்கு அந்த இடத்துக்குப் போனோம். கிளாஸ்கோவில் ஓர் இரவு தங்கி, காலையில் கிளம்பி, ஃபோர்ட் வில்லியமில் சாப்பிட்டு, நல்ல மழையில் வந்து சேர்ந்தோம். வெள்ளைச் சுவர் இருந்தது, நீல ஜன்னல் இருந்தது. உள்ளே விளக்கும் எரிந்தது. சாவிப் பெட்டியைக் காணவில்லை. கதவைத் தட்டினால் எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா வந்தார். நான் ரசீதை நீட்டியதும் அவர் முகமே மாறிவிட்டது. "ஐயோ, மறுபடியுமா" என்றார். இந்தக் கோடையில் நாங்கள் மூன்றாவது குடும்பமாம். அவர் அந்த வீட்டை யாருக்கும் வாடகைக்கு விட்டதே இல்லை. முன்பு வீட்டை விற்கப் போட்டிருந்தபோது எடுத்த படங்களை யாரோ திருடியிருக்கிறார்கள். எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். அந்தச் சமையலறை ஜன்னலில் குயிரைங் தெரிந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் பேசவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அவனுக்கு அனுப்பிய செய்தியில் ஒற்றை டிக் மட்டுமே. ஜூலைக் கடைசியில் ஸ்கையின் பெரிய ஊரான போர்ட்ரீயில் அறை கிடைக்குமா? பதினொரு இடத்துக்குப் போன் செய்தோம், ஒன்றும் இல்லை. கடைசியில் பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்து இந்த ஒரே அறையில் ஆறு பேர்.

இணையதளத்துக்குப் பேசியதைச் சொல்கிறேன். முதலில் அரை மணி நேரம் எந்திரம் பதில் சொன்னது. பிறகு ஒரு பெண், "எங்கள் வழியாகப் பணம் வரவில்லை, அதனால் இது எங்கள் முன்பதிவே இல்லை" என்றார். உங்கள் தளத்தில் இருந்த விளம்பரம்தானே, அந்த எண் உங்கள் படத்தில்தானே இருக்கிறது என்றேன். "உங்கள் கருத்துக்கு நன்றி, சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்புகிறேன்" என்றார். மூன்று பேரிடம் பேசினேன், மூன்று பேரும் இதே வாக்கியத்தைச் சொன்னார்கள். 1,480 பவுண்டு என்று நான் சொல்லும்போதெல்லாம், "புரிகிறது" என்கிறார்கள். என்ன புரிகிறது? இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை இரவுப் பணி பார்த்துத் தனியாகச் சேர்த்து வைத்த பணம் அது.

வங்கி அதைவிட மோசம். ஏமாற்றப்பட்டு நாமே அனுப்பிய பணத்தை வங்கி திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபர் 7 முதல் இங்கே விதி இருக்கிறது, 85,000 பவுண்டு வரைக்கும். அதை நம்பித்தான் கூப்பிட்டேன். ஆனால் பிரிட்டனுக்குள்ளேயே ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போன பணத்துக்குத்தான் அது பொருந்துமாம். வெளிநாட்டுக் கணக்குக்குப் போனால் கிடையாது. இப்போது தெரிகிறது அவன் ஏன் ஸ்பெயின் கதை சொன்னான் என்று. "திரையில் எச்சரிக்கை காட்டினோமே, நீங்கள்தான் சரி என்று அழுத்தினீர்கள்" என்று வங்கிக்காரர் சொன்னபோது போனை என் கணவரிடம் கொடுத்துவிட்டேன்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, தலை வலிக்கிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான். தளத்துக்கு வெளியே பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வெளிநாட்டுக் கணக்கு என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கிரெடிட் கார்டில் கட்டுங்கள், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்தால் பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு கொடுத்த வங்கியிடமும் பணத்தைக் கேட்கலாம். உரிம எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், ஸ்கை பகுதியின் உள்ளாட்சியான ஹைலண்ட் கவுன்சிலின் பொதுப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எந்த முகவரி என்று பாருங்கள். நேற்று இரவுதான் நான் பார்த்தேன், அது வேறு ஊரில் இருக்கும் வேறு வீட்டின் எண். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 159க்குக் கூப்பிடுங்கள், பல வங்கிகளுக்கு அது நேராகப் போகும்.

இப்போது இந்தப் பதிவைப் போடும் முன் மறுபடி அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே நீல ஜன்னல், அதே கறுப்பு அடுப்பு, வேறு பெயரில். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் காலியாக இருக்கிறது என்று போட்டிருக்கிறது. ஸ்டாஃபின் பக்கம் அந்த வீட்டைப் பார்த்தால் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள். அந்த அம்மா வீட்டுக் கதவை இன்னொரு குடும்பம் மழையில் நின்று தட்ட வேண்டாம்.