எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு ப்ளான்ட்) ஆபரேட்டர் லைசென்ஸ்னு சொல்லி காசு கேட்டா குடுத்துராதீங்க (நீலகிரி பசங்களுக்கு)

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐடிஐ முடிச்சிட்டு வேலை தேடுற பசங்க, அவங்க வீட்டுல இருக்கறவங்க எல்லாரும் இத முழுசா படிங்க. ஊட்டியில ஒரு இன்ஸ்டிட்யூட் என் தம்பிகிட்ட 22,000 ரூபா வாங்கிட்டு ஒண்ணுத்துக்கும் உதவாத பேப்பர குடுத்து அனுப்பிருச்சு.

"புது ரூல் வந்திருச்சு, இனி லைசென்ஸ் இல்லாம எந்த ரிசார்ட்லயும் எஸ்டிபி பக்கமே விடமாட்டாங்க, நம்ம சர்டிபிகேட் அமெரிக்கா ஸ்டாண்டர்டு, கல்ஃப்லயும் செல்லும்"னு சொல்லித்தான் சேத்தாங்க. அத்தனையும் பொய்ங்க. அமெரிக்காவுல ஒவ்வொரு ஸ்டேட்டும் பரீட்சை வச்சு லைசென்ஸ் குடுக்குது, கலிஃபோர்னியாவுல குடிதண்ணி ப்ளான்ட்டுக்கு மட்டும் டி1ல இருந்து டி5 (T1–T5) வரைக்கும் கிரேடு இருக்கு, மேல போகணும்னா ப்ளான்ட்ல வேலை பாத்த அனுபவத்த காட்டணும், அப்பப்ப ரினியூ பண்ணணும். நம்மூர்ல அந்த மாதிரி ஆபரேட்டர் லைசென்ஸ் பரீட்சையே கிடையாது, மாசு கட்டுப்பாட்டு வாரியம் கன்சென்ட் (அனுமதி) குடுக்கறது ப்ளான்ட்டுக்குத்தான்.

கிளாஸ்னு ஒரு மாடி ரூம்ல பிபிடி ஓட்டுனாங்க, கடைசி வரைக்கும் ஒரு டேங்க்க கூட கண்ணுல காட்டல.

அப்புறம் தம்பி கோத்தகிரியில ஒரு ரிசார்ட்டுக்கு இன்டர்வியூ போனான். அங்க மெயின்டனன்ஸ் சார் நேரா ஏரேஷன் டேங்க்குக்கு (கழிவுநீருக்குள்ள காத்து செலுத்தற டேங்க்) கூட்டிட்டு போயி அளவு கோடு போட்ட ஒரு லிட்டர் சிலிண்டர கையில குடுத்து "எஸ்வி30 எடுப்பா"ன்னிருக்காரு (அரை மணி நேரத்துல சகதி எவ்வளவு படியுதுன்னு பாக்கற டெஸ்ட்), இவன் முழிச்சிட்டு நின்னுருக்கான். அவரே மொண்டு ஊத்தி அசைக்காம வச்சாராம், அரை மணி நேரத்துல பழுப்பு சகதி மெல்ல எறங்கி 300 மில்லி கோட்டுகிட்ட நின்னு மேல தண்ணி தெளிஞ்சிருச்சு. "இது 700, 800லயே நின்னா சகதி படியலன்னு அர்த்தம், இத வச்சுத்தான் அந்த சகதிய (ஸ்லட்ஜ்) எவ்வளவு வெளிய எடுக்கறதுன்னு பாப்போம், நம்ம மலையில டிசம்பர் ஜனவரி குளிர்ல கழிவ தின்னுற பாக்டீரியா மந்தமாயிரும், அப்ப தெனமும் பாக்கணும் தம்பி"ன்னு பொறுமையா சொல்லிக் குடுத்து அனுப்புனாரு, நல்ல மனுஷன். சர்டிபிகேட்ல இருந்த க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணா அந்த இன்ஸ்டிட்யூட்டோட ஃபேஸ்புக் பேஜ் தான் வருது!

காசு போனதவிட எனக்கு வயிறு எரியறது வேற விஷயத்துக்கு. மூடுன டேங்க்ல ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கற விஷ வாயு இருக்கும், மொதல்ல அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும், அளவு கூடுனா மூக்கு மரத்துப் போயி நாத்தமே தெரியாது, நாத்தம் போயிருச்சுன்னு உள்ள எறங்குனவன் எந்திரிக்க மாட்டான். இத ஒரு வார்த்தை சொல்லித் தராம ஒரு பையன் கையில ஆபரேட்டர்னு பேப்பர் குடுக்கறாங்கன்னா அவங்கள என்ன சொல்றது.

உண்மையான கோர்ஸ்னா ஸ்கில் இந்தியா சைட்ல இருக்கும், வாட்டர் மேனேஜ்மென்ட் அண்ட் பிளம்பிங் ஸ்கில் கவுன்சில்னு ஒண்ணு இருக்கு, கோர்ஸ் பேரு, கோடு ரெண்டையும் கேட்டு வாங்கி அதுல தேடிப் பாருங்க. கோடு சொல்ல மழுப்புனா எந்திரிச்சு வந்துருங்க. எந்த ப்ளான்ட்ல பிராக்டிகல்னு கேளுங்க, அந்த ப்ளான்ட்டுக்கே போயி விசாரிங்க.

நாங்க 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்தாச்சு, அடுத்து ஊட்டி நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடறோம். இதே மாதிரி காசு கட்டுனவங்க ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காம வச்சுக்கிட்டு இன்பாக்ஸ்ல வாங்க, சேந்தே போடலாம்.